தம்மாமிலிருந்து நாலே முக்கால் மணி நேரம்

சவுதியின் தம்மாமிலிருந்து மீனம்பாக்கத்துக்கு ஏறக்குறைய மூவாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர். இங்கிருந்து போகும்போது ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும், வரும்போது நாலே முக்கால். காரணம் காற்று. விமானம் பறக்கிற உயரத்தில் காற்று மேற்கிலிருந்து கிழக்கே அடிக்கிறது. போகிறவர்களை முகத்தில் பிடித்து நிறுத்தும், வருகிறவர்களை முதுகில் கை வைத்துத் தள்ளும். ஏழாம் வகுப்பில் இதைக் கண்டுபிடித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டை விட்டுப் போக நேரம் அதிகம், வீட்டுக்கு வரக் குறைவு. வளைகுடாவில் இருக்கிற அப்பாக்களை நினைத்துத்தான் யாரோ உலகத்தை இப்படிச் செய்து வைத்திருக்கிறார்கள் என்று எனக்குப் பட்டது.

அதற்கு முன்பு அட்லஸில் ஸ்கேல் வைத்து அளந்திருந்தேன். ஒரு எண் வந்தது. அம்மாவின் போனில் நான் இறக்கி வைத்திருந்த, விமானங்களைக் காட்டும் ஆப்பில் வேறொரு எண் இருந்தது. விடுவேனா? பள்ளிக்கூடத்து அறிவியல் அறையில் பீரோ மேல் தூசியோடு கிடந்த உலக உருண்டையை இறக்கி, தையல் நூல் ஒன்றைத் தம்மாமில் ஒரு முடிச்சு, சென்னையில் ஒரு முடிச்சு என்று இழுத்துப் பிடித்தேன். நூல் அட்லஸில் நான் போட்ட கோட்டில் போகவில்லை. கொஞ்சம் வடக்கே ஏறி இறங்கியது. ஆப் சொன்ன தூரம் சரியாக வந்தது. முடிச்சுக்கு முடிச்சு அந்த நூல் என் நடுவிரலைவிடக் கொஞ்சம்தான் நீளம். அதைப் பென்சில் டப்பாவில் வைத்துக்கொண்டேன். அப்பா எங்கே என்று யாராவது கேட்டால் எடுத்துக் காட்டுவேன்.

அப்பா நான் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது போனவர். கட்டடங்களுக்குச் சாரம் கட்டுகிற கம்பெனியில் வேலை. இரண்டு வருஷத்தில் வருகிறேன் என்றார். பிறகு அடுத்த பொங்கலுக்கு என்றார். பிறகு அந்தப் பேச்சை அவரும் எடுப்பதில்லை, நாங்களும் எடுப்பதில்லை. நான் மட்டும் தம்மாமிலிருந்து கிளம்புகிற விமானங்களின் நேரத்தை ஒரு காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி, அடுப்பங்கரைக் கதவில் ஒட்டி வைத்திருந்தேன். நேரம் மாறினால் அடித்துத் திருத்துவேன். அம்மா அதைப் படித்து நான் பார்த்ததில்லை. கிழித்தும் போடவில்லை.

ஏழாம் வகுப்பு அரையாண்டு லீவில் ஒரு நாள் விடியற்காலை தாத்தா செத்துப்போனார். எங்கள் ஊர் முண்டியம்பாக்கத்துக்குப் பக்கத்தில். மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற வேர்க்கடலையை விதைக்கிற நேரம். முந்தின நாள்கூடக் கொல்லைக்குப் போய் விதைப்பதைப் பார்த்துவிட்டு வந்தவர், ராத்திரி படுத்தார், எழுந்திருக்கவில்லை. ஆறரை மணிக்கெல்லாம் வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. அம்மா போனை எடுத்துக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போனாள்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. தகப்பனுக்குத் தலைமகன் கொள்ளி வைக்க வேண்டும், தாய்க்குக் கடைசி மகன். பாட்டி போனபோது சித்தப்பா வைத்து, மொட்டை அடித்துக்கொண்டு நின்றது எனக்கு லேசாக ஞாபகம் இருக்கிறது. தாத்தாவுக்கு அப்பாதான். அதனால் அன்று காலை எல்லோருக்கும் ஒரே கேள்வி: அவன் வருவானா, மாட்டானா?

அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, தாத்தாவின் காலடியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தவள், அழுகையை நிறுத்திவிட்டுத் தெளிவாகச் சொன்னாள்.

"அஞ்சு வருசமா வராதவன் இதுக்கா வரப்போறான்? அங்கியே ஒருத்திய வெச்சிக்கினு கீறான்னு ஊரே சொல்லுது. சின்னவனையே வெக்கச் சொல்லுங்க."

"நான் வெக்க மாட்டேன்" என்றார் சித்தப்பா. "எம்பங்கு எங்கம்மாவோட முடிஞ்சிபோச்சி. அண்ணன் கீறப்ப நான் எப்பிடி வெப்பேன்?"

அப்போது அம்மா தோட்டத்திலிருந்து வந்தாள். முகம் கழுவிக்கொண்டு வந்த மாதிரி இருந்தது.

"கெளம்புறேன்னு சொன்னாரு" என்றாள். அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்பதற்கு முன்பே என் பக்கம் திரும்பி, "பாப்பா, நீ சொல்லு, எத்தினி மணிக்கு வருவாரு?" என்றாள்.

என் வாழ்க்கையில் அதுவரை யாரும் என்னிடம் கேட்ட கேள்விகளிலேயே சிறந்த கேள்வி அதுதான். ஓடிப்போய் காலண்டர் தாளைக் கதவிலிருந்து பிய்த்துக்கொண்டு வந்தேன். தாத்தா செத்துப்போயிருக்கிறார், அழ வேண்டும் என்று தெரியும். ஆனால் அதற்கு அப்புறம் நேரம் இருக்கிறது என்று நினைத்தேன்.

"இன்னிக்கு ஃப்ளைட்டு போயிடுச்சி" என்றேன். "அங்க ரெண்டேகால் மணிக்கு ஒன்னு கெளம்பும். இப்ப அது கடலுக்கு மேல வந்துக்கினு இருக்குது. பாருங்க." போனில் அந்தச் சின்ன மஞ்சள் விமானத்தைக் காட்டினேன். எல்லோரும் குனிந்து பார்த்தார்கள்.

காரியங்களையெல்லாம் முன்னின்று நடத்துகிற பங்காளி வீட்டுப் பெரியப்பா ஒருவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "இதுல உங்கப்பன் கீறானா?" என்றார்.

"இல்ல பெரீப்பா. நாளைக்கு இதே ஃப்ளைட்டுல வருவாரு. அங்க ரெண்டேகால்னா நமக்கு நாலே முக்கால். அதுலருந்து நாலே முக்கால் மணி நேரம். ஒம்பதரைக்கு மீனம்பாக்கம். வெளிய வர ஒரு மணி நேரம். ஒன்றரைக்கு வீட்டுல இருப்பாரு."

"யார்ட்ட கத வுடுற? பொங்கலுக்கு மெட்ராஸ்லருந்து திண்டிவனம் வர்றதுக்கே எட்டு மணி நேரம் ஆவுது. அரபு நாட்டுலருந்து நாலே முக்காலா?"

"காத்து தள்ளும் பெரீப்பா" என்றேன்.

இழவு வீட்டில் இரண்டு பேர் சிரித்தார்கள். ஆனால் பெரியப்பா சிரிக்கவில்லை. எண் சொன்னால் ஆண்கள் அடங்குவார்கள் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். அவர் விரல் விட்டு ஒன்றரை, இரண்டு, மூன்று என்று எண்ணிப் பார்த்துவிட்டு, "நாளைக்கு மூனு மணிக்கு எடுத்துடலாம். ஐஸ் பொட்டிக்கு ஆள வுடுங்க" என்றார். மேளக்காரர்களிடம் நாளைக்கு வரச் சொன்னார்கள். குழி வெட்டப் போனவனைத் திரும்பக் கூப்பிட்டு, குழி இல்லடா, கட்டை அடுக்கறது, அதுவும் நாளைக்கு என்றார்கள். எல்லாம் என் தாளைப் பார்த்து நடந்தது.

பகலெல்லாம் அந்தப் பெட்டி உறுமிக்கொண்டே இருந்தது. நடு ரூமில் கண்ணாடி மூடிக்குக் கீழே தாத்தா. மார்கழிக் குளிரிலும் மேலே வேர்த்துக்கொண்டே இருந்தது. அத்தை முந்தானையால் கண்ணாடியைத் துடைப்பாள், கொஞ்ச நேரத்தில் மறுபடியும் புகை படிந்து முகம் மறைந்துவிடும், மறுபடியும் துடைப்பாள். கரண்டு போனால் என்ன செய்வது என்று சித்தப்பா விக்கிரவாண்டிக்குப் போய் ஜெனரேட்டர் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். நான் போகிற வருகிறவர்களுக்கெல்லாம் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். "அங்க இப்ப இன்னா மணிம்மா?" என்று கேட்காத ஆள் இல்லை. ஒலக்கூரிலிருந்து வந்த சொந்தக்காரர் ஒருவர் என்னிடம் நேரம் கேட்டுக்கொண்டு, மறுநாள் மத்தியானம் வருவதாகச் சொல்லி வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்.

சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் போன் வந்தது. அம்மா ரொம்ப நேரம் காதில் வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு என்னிடம் நீட்டினாள். "அப்பா உங்கிட்ட பேசணுமாம்."

"பாப்பா" என்றார் அப்பா. சளி பிடித்த குரல். "நாளைக்கு எப்பிடி வரணும்னு நீ கணக்கு போட்டு வெச்சிருக்கியாமே. சொல்லு, கேக்கறேன்."

"டிக்கெட் எடுத்துட்டியாப்பா?"

"அதெல்லாம் ஆவும். நீ சொல்லு."

"உன் ரூம்லருந்து ஏர்போர்ட்டு எவ்ளோ தூரம்ப்பா? அது மட்டும் எனக்குத் தெரியல."

"அது உனக்குத் தெரியாது, வுடு. ஏர்போர்ட்டுலருந்து ஆரம்பி" என்றார்.

ஆரம்பித்தேன். ரெண்டேகாலுக்கு மேலே ஏறும், இடது பக்க ஜன்னலாகக் கேட்டு உட்காரு, மஸ்கட் வரைக்கும் கீழே விளக்கு தெரியும், அதற்கப்புறம் இரண்டு மணி நேரம் வெறும் கடல், தூங்கிவிடாதே, கிழக்கே வருவதால் ஜல்தியாக விடிந்துவிடும். அப்பா "அப்புறம்?" என்றார். கோவா பக்கமாக இந்தியா வரும், அப்புறம் ஒன்றரை மணி நேரத்துக்குள் மீனம்பாக்கம், சித்தப்பாவும் நானும் வெளியே நிற்போம். "அப்புறம்?" தாம்பரம், செங்கல்பட்டு, பாலாறு.

"பாலத்துக்கு அடியில தண்ணி கீதா?"

"மழ பேஞ்சுதுல்ல. கொஞ்சம் ஓடுது."

"அப்புறம்?"

"மேல்மருவத்தூரு, ஒலக்கூரு, திண்டிவனம். பாலத்து மேலியே வந்துடலாம்ப்பா, ஊருக்குள்ள போவ வேணாம். அப்புறம் விக்கிரவாண்டி டோல்கேட்டு. கூட்டம் இருந்தா அங்க பத்து நிமிசம்."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னாப்பா, நம்ம ஊருதான்."

"சொல்லேன்."

சொன்னேன். பஸ் நிற்கிற இடத்தில் புதிதாக நிழற்குடை கட்டியிருக்கிறார்கள், நம் தெருவுக்குச் சிமெண்ட் ரோடு போட்டாகிவிட்டது, வண்டி வாசல் வரைக்கும் வரும், பந்தல் போட்டிருக்கிறது.

"தாத்தாவ எங்க வெச்சிருக்கீங்க?"

"நடு ரூம்ல. பொட்டியில."

"தல எந்தப் பக்கம்?"

"தெக்கால."

"வெளக்கு எரியுதா?"

"எரியுதுப்பா. அத்த எண்ண ஊத்திக்கினே இருக்குது."

அப்பாவுக்குப் பின்னால் யாரோ வேறு பாஷையில் கத்திக்கொண்டிருந்தார்கள். பிறகு, "நல்லா சொன்ன பாப்பா" என்று வைத்துவிட்டார். எந்தக் கேள்விக்கும் நான் தடுமாறவில்லை. அம்மாவிடம் போனைத் திருப்பிக் கொடுத்து, அப்பாவுக்கு இப்போது வழி நன்றாகத் தெரிந்துவிட்டது என்றேன். அம்மா என் தலையில் கை வைத்தாள். அந்தக் கை கனமாக இருந்தது.

மறுநாள் விடிந்ததும் சித்தப்பாவும் நானும் ஒரு வாடகைக் காரில் கிளம்பினோம். சித்தப்பாவே ஓட்டினார். என்னை அழைத்துப்போனதற்குக் காரணம், விமானம் எங்கே வருகிறது என்று சொல்ல ஆள் வேண்டும். திண்டிவனம் தாண்டும்போது விமானம் அரபிக்கடல் நடுவில். அச்சிறுபாக்கத்தில் அது கரையைத் தொட்டது. "இறங்க ஆரம்பிச்சிடுச்சி சித்தப்பா" என்று நான் சொன்னபோது தாம்பரத்தில் சிக்னலில் நின்றோம். காற்று நன்றாகத் தள்ளியிருந்தது. ஒன்பது இருபத்திரண்டுக்கே இறங்கிவிட்டது. எட்டு நிமிஷம் லாபம்.

"அப்பா எறங்கிட்டாரு" என்றேன்.

சித்தப்பா வண்டியை நிறுத்திவிட்டு ஓடினார். கம்பித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றோம். உள்ளேயிருந்து வண்டி தள்ளிக்கொண்டு வந்தார்கள். கயிறு கட்டிய அட்டைப்பெட்டி, பிளாஸ்டிக் உறைக்குள் புலி படம் போட்ட கம்பளி, டி.வி. எல்லோரும் அப்பா மாதிரியே கறுத்து மெலிந்திருந்தார்கள். ஐந்து வருஷமாகப் போனில் மட்டுமே பார்த்த அப்பா நேரில் எப்படி இருப்பார் என்று தெரியாததால் நான் மீசை வைத்த ஒவ்வொருவரையும் உற்றுப் பார்த்தேன். ஒருவரிடம் சித்தப்பா, "தம்மாம் ஃப்ளைட்டுங்களா?" என்று கேட்டார். "ஆமாங்க, எல்லாம் வந்தாச்சிங்க" என்று சொல்லிவிட்டு அவர் தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டார். குழந்தை பயந்து அலறியது.

கடைசியாகப் பைலட்டும் விமானப் பணிப்பெண்களும் பெட்டியை இழுத்துக்கொண்டு போனார்கள். பைலட்டை அவ்வளவு பக்கத்தில் பார்த்தது எனக்கு அதுதான் முதல் தடவை.

சித்தப்பா ஒரு தூண் பக்கம் போய் அம்மாவுக்குப் போன் செய்தார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் சத்தம் போடவில்லை. "எப்ப தெரியும் அண்ணி?" என்று மட்டும் கேட்டது காதில் விழுந்தது. பிறகு நெடுநேரம் கேட்டுக்கொண்டே நின்றார். திரும்பி வந்தபோது இரண்டு டீ வாங்கி வந்தார். ஒன்றை என்னிடம் கொடுத்தார்.

"அப்பா ஃப்ளைட்ட வுட்டுட்டாரு பாப்பா."

"பரவால்ல சித்தப்பா" என்றேன், போனை எடுத்து. "சார்ஜா வழியா ஒன்னு கீது. இல்லாட்டி கொழும்பு வழியா, அங்க நாலு மணி நேரம் காத்திருக்கணும், ஆனா..."

"போதும்மா."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதனால் நான் நிறுத்தவில்லை. செங்கல்பட்டு வரை வேறு வேறு வழிகளைச் சொல்லிக்கொண்டே வந்தேன். ஒலக்கூர் தாண்டி ஒரு புளிய மரத்தடியில் வண்டியை ஓரம் கட்டினார். ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். லாரிகள் பக்கத்தில் போகும்போதெல்லாம் கார் ஆடியது. பிறகு பெரியப்பாவுக்குப் போன் போட்டு, "மூனு மணிக்கே எடுத்துடலாம்ணா. நானே வெக்கிறேன்" என்றார்.

வாசலில் வண்டி நின்றதும் எல்லோரும் பின் சீட்டைப் பார்த்தார்கள். பின் சீட்டில் நான் மட்டும் இருந்தேன். நான் இறங்கித் தாண்டிப் போகும்போது அத்தை, "உங்கணக்காலதாண்டி எங்கப்பன் ஒரு நாள் பூரா ஐஸ்ல கெடந்தாரு" என்றாள். பக்கத்தில் நின்ற அம்மா, "அவள ஒன்னும் சொல்லாத. நான்தான் சொல்லச் சொன்னேன்" என்றாள். அத்தை அம்மாவையே பார்த்தாள். நான் அம்மாவுக்காகப் பேச வேண்டும் என்று நினைத்து, "கணக்கு சரிதான் அத்த, ஃப்ளைட்டு எட்டு நிமிசம் முன்னாடியே வந்துடுச்சி" என்றேன்.

யாரும் என்னை அடிக்கவில்லை. அடித்திருக்கலாம்.

மூன்று மணிக்கு எடுத்தார்கள். சித்தப்பா மொட்டை போட்டு, மீசை எடுத்து, தோளில் பானையோடு போனார். எனக்கு அவர் வேறு யாரோ மாதிரி இருந்தார். கதவிலிருந்து நான் பிய்த்து வந்த தாள் கூட்டத்தில் யார் காலிலோ மிதிபட்டு எங்கேயோ போய்விட்டது. நான் தேடவில்லை.

கம்பெனி அப்பாவின் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்திருந்ததும், அங்கே தங்குவதற்கான இக்காமா அட்டையை ஒரு வருஷத்துக்கு மேலாகப் புதுப்பித்துக் கொடுக்காததும், அந்த அட்டை இல்லாமல் ரூமை விட்டு மெயின் ரோட்டுக்கு வரவே அவர் பயந்துகொண்டிருந்ததும் நான் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும்போதுதான் எனக்குத் தெரியவந்தது. அவர் அதற்குள் ஊருக்கு வந்து சேர்ந்திருந்தார். அம்மா ஒரு நாள் அரிசி புடைத்துக்கொண்டே சொன்னாள். அன்று காலையில் அவர் கிளம்புகிறேன் என்று சொல்லவில்லையாம். கேட்டுப் பார்க்கிறேன் என்றுதான் சொன்னாராம். அத்தை சொன்ன வார்த்தை தோட்டம் வரைக்கும் கேட்டது, அதனால் நான் அப்படிச் சொல்லிவிட்டேன் என்றாள். மத்தியானமே சூப்பர்வைசர் முடியாது என்று சொல்லிவிட்டாராம். சாயங்காலம் போனில் அது தெரிந்த பிறகும், அத்தை முன்னால் சொல்ல அம்மாவுக்கு மனம் வரவில்லையாம். ஆக, சாயங்காலம் என்னிடம் ஒவ்வொரு ஊராக "அப்புறம், அப்புறம்" என்று கேட்டவர், வரப்போவதில்லை என்று தெரிந்தே கேட்டிருக்கிறார். நான் இப்போதும் இரண்டு ஊர்களின் பெயரைச் சேர்த்துக் கேட்டால் உடனே தூரத்தைத் தேடிப் பார்க்கிறவள்தான். அது போகவில்லை. ஆனால் ரூமிலிருந்து ஏர்போர்ட் எவ்வளவு தூரம் என்று அப்பாவிடம் மறுபடி கேட்டதில்லை.

தாத்தாவுக்குக் காரியம் முடிந்த மறுநாள் அப்பா வீடியோ காலில் வந்தார். நானும் சித்தப்பாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். சித்தப்பாவின் தலையில் நரை கலந்து சிறுசிறு முள்ளாக மயிர் முளைக்கத் தொடங்கியிருந்தது. அப்பா ரூமுக்குள் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கம்பெனித் தொப்பியைக் காது மூடுகிற அளவுக்கு இழுத்துவிட்டிருந்தார். மீசை இல்லாமல் முகம் சின்னதாக இருந்தது.

"ஏம்ப்பா ரூமுக்குள்ள தொப்பி?" என்றேன்.

"இங்க வெயிலு ஜாஸ்தி பாப்பா."

எனக்கா தெரியாது? காலையில்தான் பார்த்திருந்தேன். "பொய் சொல்லாதப்பா. தம்மாம்ல இன்னிக்கு பதினேழு டிகிரிதான்" என்றேன்.

அப்பா சிரித்தார். பிடித்துவிட்டேன் என்று நானும் சிரித்தேன். பக்கத்திலிருந்த சித்தப்பா மட்டும் தன் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டே எழுந்து வெளியே போனார். அவர் ஏன் போனார் என்று நான் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. பதினேழு டிகிரிக்கு எதற்குத் தொப்பி என்று இன்னும் இரண்டு தடவை கேட்டேன்.